செரங்கெட்டியில் ஒரு பகல்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்

'சபாரி' என்றவுடன் நம் தந்தையர் காலத்துத் திருமணப் புகைப்படங்களில் காணும் உடைதான் நம்மில் பலருக்கு நினைவில் வரும். ஆனால் அது உடையின் பெயரன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் 'பயணம்' என்பதே அச்சொல்லின் பொருள். வேட்டைத் துப்பாக்கியுடன் வெள்ளையர் மேற்கொண்ட பயணத்திற்கு முதலில் வழங்கிய அப்பெயர், இன்று கண்ணும் தொலைநோக்கியும் மட்டும் கொண்டு விலங்குகளைக் காணச் செல்லும் பயணத்திற்கு நிலைத்துவிட்டது.

நான் ஆப்பிரிக்கா சென்றவன் அல்லன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தந்தையார் கிடையாடு மேய்ப்பவர். சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, செரங்கெட்டியைப் பற்றிய படம் ஒன்றைக் கைப்பேசியில் அவருக்குக் காட்டினேன். சிங்கம் ஒன்று பதுங்கி வந்துகொண்டிருந்தது. அப்பாவோ சிங்கத்தைப் பார்க்கவே இல்லை. சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் புல்லு கெடக்கேப்பா, இதுல மேய்க்கிற ஆளு எங்க?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. கல்லூரிக்குத் திரும்பியபின் விடை தேடிப் படித்தேன். படித்ததைக் கொண்டு செரங்கெட்டியில் ஒரு பகலை மனத்துள் நடத்திப் பார்த்தேன். அந்தப் பகலையே இங்கு எழுதுகிறேன். மாதம் பிப்ரவரி என்று கொள்வோம்.

களம்

தான்சானியா நாட்டின் வடபகுதியில், கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், 14,763 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடப்பது செரங்கெட்டி தேசியப் பூங்கா. 1951-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1981-இல் உலகப் பாரம்பரியக் களமாக ஏற்கப்பட்டது. 'முடிவில்லாத சமவெளி' என்று பொருள்படும் மாசாய் மொழிச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. மாசாய் என்போர் மாடு மேய்க்கும் மக்கள். இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் அங்குப் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். எனவே சுவாகிலி பேசுவோர் நேரத்தைக் கதிரவன் எழுவதிலிருந்தே எண்ணுவர். நமக்குக் காலை ஏழு மணி; அவர்களுக்கு அது ஒரு மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோர்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

விடியற்காலை: உறங்கும் அரசன்

பூங்காவின் நடுவே உள்ள செரோனெராவிலிருந்து, இருள் பிரியும் வேளையில் வண்டி புறப்படுகிறது. மேற்கூரை திறந்து நின்று பார்க்கத்தக்க வண்டி. கீழே இறங்க இசைவு இல்லை. இறங்கவும் வேண்டியதில்லை, விலங்குகள் வண்டியைத் தமக்குத் தொடர்பில்லாத ஒரு பொருளாகவே பல தலைமுறையாகக் கண்டு பழகிவிட்டன.

தெற்கே செல்லும் வழியில் புல்வெளிக்கு நடுவே பாறைக் குன்றுகள் தீவுகள்போல் எழுந்து நிற்கும். அவற்றுள் ஒரு தொகுதிக்குச் 'சிம்பா' குன்றுகள் என்று பெயர். சிம்பா என்றால் சிங்கம். வெயில் ஏறுமுன் சென்றால், இரவு வேட்டை முடித்த சிங்கக் கூட்டம் பாறைமேல் படுத்திருப்பதைக் காணலாம். வயிறு புடைத்திருக்கும், வாயோரம் குருதி காய்ந்திருக்கும். அதன்பின் அன்று முழுவதும் அவை செய்யும் வேலை உறக்கம் ஒன்றே. ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை சிங்கம் ஓய்வில் கழிக்கிறது. 1966 முதல் 1969 வரை இங்குத் தங்கி ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் போன்றோர், சிங்கத்தின் வாழ்வைக் காண வேண்டுமாயின் உறங்கும் சிங்கத்தைப் பொறுமையாகப் பார்த்திருக்கப் பழக வேண்டும் என்பதைத் தம் உழைப்பால் காட்டினர். பார்ப்பவர்க்குச் சோம்பலாகத் தோன்றும் இது உண்மையில் சிக்கனமே. நாள்தோறும் இரை கிடைக்கும் என்ற உறுதி இல்லாத உயிர், வெப்பத்தில் ஆற்றலை வீணாக்குவதில்லை.

முற்பகல்: புல்லைப் பங்கிடும் முறை

குன்றுகளைக் கடந்ததும் மரங்கள் மறைகின்றன. கிழக்கே உள்ள எரிமலைகள் உமிழ்ந்த சாம்பல் படிந்த மண் இது. அடியில் கடினமான படிவம் இருப்பதால் மரவேர் இறங்காது. ஆனால் கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்த குட்டைப் புல் இங்குச் செழித்து வளரும். பால் சுரக்கும் தாய்க்கு இதைவிட நல்ல தீனி இல்லை. அதனாலேயே மழைக்காலத்தில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்கள் இலட்சக்கணக்கில் இங்கு வந்து குவிகின்றன. மாட்டின் கொம்பு, குதிரையின் வால், ஆட்டின் தாடி என மூன்றையும் சேர்த்துச் செய்தாற்போன்ற உருவம்; உயிரியல் முறையில் மாடும் ஆடும் சேர்ந்த குடும்பத்தையே சேர்ந்தது.

பிப்ரவரியில் இச்சமவெளியில் ஏறக்குறைய மூன்று வாரத்திற்குள் பெரும்பாலான வில்டபீஸ்ட் ஈன்றுவிடுகின்றன. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கிறது. அன்றே தாயுடன் ஓடுகிறது. எல்லாம் ஒரே சமயத்தில் ஈனுவது ஏன்? கொன்றுண்ணிகளால் ஒரு நாளில் உண்ண முடிந்த அளவிற்கு எல்லை உண்டு. கன்றுகள் ஆண்டு முழுவதும் ஒன்றிரண்டாகப் பிறந்தால் அத்தனையும் இரையாகும். ஒரே வாரத்தில் பல்லாயிரமாகப் பிறந்தால் பெரும்பாலானவை தப்பும். பெருக்கமே இங்குக் காப்பு.

இக்கூட்டத்தினிடையே வரிக்குதிரைகளும் தாம்சன் சிறுமான்களும் கலந்து மேய்கின்றன. ஒரே புல்லுக்கு இத்தனை வாய்கள் இருந்தும் எப்படி எல்லாம் பிழைக்கின்றன? 1971-இல் ரிச்சர்டு பெல் என்பவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வரிக்குதிரை அசைபோடாது, பின்குடலில் செரிக்கும். தரம் குறைந்த தண்டுப் புல்லையும் நிறையத் தின்று விரைவாக வெளியேற்றிவிடும். அது உயரப் புல்லை மேய்ந்து குறைத்தபின் உள்ளிருக்கும் இலைப்பகுதி வெளிப்படுகிறது. அதை வில்டபீஸ்ட் மேய்கிறது. அதன்பின் தரையோடு துளிர்க்கும் மென்மையான தளிரைச் சிறுமான் கொறிக்கிறது. எல்லாக் காலத்திலும் இவ்வரிசை இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை, போட்டியும் உண்டு என்பது பிந்திய ஆய்வுகளின் முடிவு. எனினும் வாயின் அகலமும் வயிற்றின் அமைப்பும் புல்லைப் பங்கிடுகின்றன என்னும் அடிப்படை மாறவில்லை.

இதை நூலகத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "மாடு விட்டத ஆடு மேயும், ஆடு விட்டத மாடு மேயாது" என்று அப்பா சொல்லக் கேட்டே நான் வளர்ந்தேன். எந்தக் காட்டில் எந்த மந்தையை முதலில் விடுவது என்பதை அவர் இதைக் கொண்டுதான் முடிவு செய்வார். அதைப் பாடமென்று நான் அதுவரை எண்ணியதில்லை.

வானம்: கழுகின் வழிகாட்டல்

வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று மேலெழுகிறது. அக்காற்றில் ஏறிக் கழுகுகள் வட்டமிடுகின்றன. தேர்ந்த வண்டி ஓட்டுநர் தரையைவிட வானத்தையே மிகுதியாகப் பார்ப்பார். வட்டமிடும் கழுகு திடீரெனச் சாய்ந்து இறங்கினால் அங்கே பிணம் உண்டு. இக்கழுகுகள் மோப்பத்தால் அல்ல, பார்வையாலேயே இரை காண்கின்றன. பிணத்தை மட்டுமன்றி ஒன்றையொன்றும் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று இறங்கினால் தொலைவில் உள்ளது பார்க்கும். அதைக் கண்டு இன்னொன்று வரும்.

இறங்கிய இடத்திலும் பங்கீடு உண்டு. பெரிய அலகுடைய இனம் தடித்த தோலைக் கிழிக்கும். நீண்ட கழுத்துடைய இனங்கள் உள்ளே தலை நுழைத்துத் தசையைத் தின்னும். சிறிய இனங்கள் ஓரத்தில் சிதறியதைப் பொறுக்கும். ஒரு மணி நேரத்தில் எலும்பே மிஞ்சும். நோய் பரவுமுன் நிலம் துப்புரவாகிவிடும்.

இங்கு நம் நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. இந்தியாவில் கழுகுகள் அழிந்ததற்குக் காரணம் துப்பாக்கி அன்று. கால்நடைகளுக்கு வலி நீங்கப் போட்ட டைக்குளோஃபெனாக் என்னும் மருந்து. அம்மருந்து உடலில் இருக்க இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. 2006-இல் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மாட்டுத் தொழுவத்தில் போட்ட ஊசி வானத்துக் கழுகைக் கொல்லும் என்று யார் எண்ணியிருப்பார்? தொழுவத்திற்கும் காட்டிற்கும் இடையே நாம் போட்டிருக்கும் கோடு நோய்க்கும் மருந்துக்கும் தெரியாது. இதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

நண்பகல்: சிவிங்கிப் புலியின் கணக்கு

நண்பகலில் சிங்கமும் கழுதைப்புலியும் நிழல் தேடிப் படுத்திருக்கும்போது எழுந்து நிற்பது சிவிங்கிப் புலி. நிலத்தில் வாழும் விலங்குகளுள் மிக விரைவானது இதுவே. ஆனால் அந்த விரைவிற்கு அது கொடுத்த விலை பெரிது. மெலிந்த உடல், சிறிய தாடை. எதிர்த்து வரும் கழுதைப்புலிக்குத் தன் இரையை விட்டுக்கொடுத்து விலகும். அதனால்தான் வலியவை ஓய்ந்திருக்கும் பகற்பொழுதைப் பெரிதும் தன் வேட்டைப் பொழுதாகக் கொண்டது. இங்குப் புல்லைப்போலவே பொழுதும் பங்கிடப்பட்டிருக்கிறது.

துரத்தல் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. பிடித்தபின் மூச்சு வாங்கச் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அந்த வேளையில்தான் வண்டிகள் சூழ்ந்துகொள்கின்றன! அண்டையிலுள்ள கென்யாவின் மாசாய் மாராவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, பயணிகள் மிகுந்த பகுதியில் வாழும் தாய்ச் சிவிங்கிப் புலிகள், பயணிகள் குறைந்த பகுதியில் உள்ளவற்றைவிட மிகக் குறைவான குட்டிகளையே வளர்த்து ஆளாக்குகின்றன என்று காட்டியது. பார்ப்பதும் ஒரு செயல்தான். பார்க்கப்படும் உயிர் அதற்கு விலை கொடுக்கிறது.

மாலை: பழி சுமந்த விலங்கு

நிழல் நீளும்போது வளைகளிலிருந்து கழுதைப்புலிகள் எழுகின்றன. பிறர் வேட்டையைத் திருடும் கோழை என்று உலகமே இதைப் பழித்து வந்தது. ஹான்ஸ் குரூக் என்னும் ஆய்வாளர் 1960-களில் செரங்கெட்டியிலும் இங்கோரோங்கோரோவிலும் இரவு இரவாக இவற்றைத் தொடர்ந்தார். அவர் கண்டது வேறு. புள்ளிக் கழுதைப்புலி தன் உணவின் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது. காலையில் சிங்கம் தின்ன, கழுதைப்புலி சுற்றிக் காத்திருக்கும் காட்சியைக் கண்டு நாம் முடிவு கட்டினோம். அங்குப் பல வேளைகளில் அந்த இரையை இரவில் கொன்றது கழுதைப்புலி, பறித்தது சிங்கம்!

பகலில் மட்டும் பார்த்தவன் சிங்கத்தை உழைப்பாளி என்றும் கழுதைப்புலியைத் திருடன் என்றும் எழுதினான். இரவும் பார்த்தவனே உண்மையை எழுதினான். இருட்டும் முன் நம் வண்டியும் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். ஒரு பகலில் கண்டதைக் கொண்டு தீர்ப்பு எழுதலாகாது என்பதே இம்மாலையின் பாடம்.

காணாமற்போன மேய்ப்பன்

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். பகல் முழுவதும் பார்த்தோம். மேய்க்கும் ஆளை எங்கும் காணவில்லை.

1880-களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் மாட்டு வெக்கை நோய் நுழைந்தது. இத்தாலியப் படைக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகள் வழியே, அவற்றுள்ளும் இந்திய மாடுகள் வழியே அது சென்றதென்று பலர் கருதுகின்றனர். பத்தாண்டுகளுக்குள் அது கண்டத்தின் தென்முனைவரை பரவியது. மாசாய்களின் மந்தைகள் மடிந்தன. பஞ்சத்தில் மக்கள் மடிந்தனர். எருமைகளும் வில்டபீஸ்ட்களும் மடிந்தன. 1892-இல் அவ்வழிச் சென்ற ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பௌமான், எலும்பும் தோலுமாய் நின்ற மாசாய்களைக் கண்டு எழுதினார். பின்னால் வந்த வெள்ளையர் கண்டது ஆளற்றுப்போன வெளியை. அதையே ஆதிக்காடு என்று எண்ணினர்.

ஜெர்மானிய அறிஞர் பெர்ன்ஹார்டு கிரிசிமெக், தம் மகன் மைக்கேலுடன் சிறு விமானத்தில் பறந்து 1958-இல் இங்கு விலங்குகளைக் கணக்கெடுத்தார். 1959 சனவரியில் அவ்விமானம் கழுகு ஒன்றின்மேல் மோதி வீழ்ந்ததில் மைக்கேல் உயிரிழந்தார். அவர்தம் உழைப்பால் உலகம் செரங்கெட்டியை அறிந்தது என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் பூங்காவினுள் மனிதர் எவரும் வாழலாகாது என்பதும் கிரிசிமெக்கின் கொள்கை. அதே 1959-இல் பிரித்தானிய ஆட்சி மாசாய்களைச் செரங்கெட்டியிலிருந்து அகற்றி, கிழக்கே இங்கோரோங்கோரோ மேட்டு நிலத்தில் வாழ விட்டது. அங்கிருந்தும் அவர்களை வேறிடத்திற்கு மாற்றும் வேலை 2022-இல் தொடங்கி எதிர்ப்பைச் சந்தித்தது.

அப்படியானால் மேய்ப்பனுக்கும் அந்த மான் கூட்டத்திற்கும் தொடர்பே இல்லையா? உண்டு. 1961-இல் செரங்கெட்டியில் இருந்த வில்டபீஸ்ட் ஏறக்குறைய இரண்டரை இலட்சம். ஒரு வயதுக் கன்றுகள் ஆண்டுதோறும் வெக்கை நோயால் மடிந்தன. காட்டு விலங்குகளே மாட்டிற்கு நோய் தருகின்றன என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. பூங்காவைச் சுற்றியிருந்த மேய்ப்போரின் மாடுகளுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போடப்பட்டது. 1963-க்குள் வில்டபீஸ்ட் கன்றுகளிடம் நோய் மறைந்தது. காட்டு விலங்கு ஒன்றிற்குக்கூட ஊசி போடவில்லை! நோய் காட்டிலிருந்து தொழுவத்திற்கு வரவில்லை. தொழுவத்திலிருந்துதான் காட்டிற்குச் சென்றிருந்தது. 1977-இல் வில்டபீஸ்ட் எண்ணிக்கை 13 இலட்சத்தைத் தாண்டியது. அவை புல்லை மேய்ந்து குறைத்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் இளமரங்கள் பிழைத்தன. இன்று பயணி வியந்து நோக்கும் அந்தப் பெருங்கூட்டம், மேய்ப்பன் தன் மாட்டை ஊசிக்குப் பிடித்து நிறுத்தியதன் பயன்.

மேய்ப்பனின் அறிவையும் சொல்ல வேண்டும். வில்டபீஸ்ட் ஈனும் காலத்தில் அச்சமவெளியின் நல்ல புல்லை மாசாய்கள் தொடுவதில்லை. கன்று ஈன்ற இடத்தில் மேய்ந்தால் மாடு நோயுற்று இறக்கும் என்று அவர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். 1960-இல் வால்டர் பிளௌரைட் என்னும் கால்நடை அறிஞரும் அவருடன் பணிசெய்தோரும், அந்நோயின் வைரசை வில்டபீஸ்ட்டிலிருந்தே பிரித்தெடுத்துக் காட்டினர். இளங்கன்றுகள் அதைப் பரப்புகின்றன. அவற்றுக்கு அதனால் தீங்கில்லை. மாட்டிற்கு அது மரணம். மேய்ப்பனின் கண் முன்னே சென்றது. ஆய்வுக்கூடம் பின்னே வந்து சான்று தந்தது.

அதே பிளௌரைட் கென்யாவில் உருவாக்கியதுதான் திசு வளர்ப்பு முறையிலான வெக்கைத் தடுப்பூசி. அது இந்தியாவிலும் பயன்பட்டது. எங்கள் அப்பத்தா, தாம் சிறு பெண்ணாய் இருந்தபோது வெக்கை வந்து ஒரே வாரத்தில் தொழுவம் காலியானதை இன்றும் சொல்வார். நான் அந்நோயைக் கண்டதில்லை. இந்தியாவில் 1995-உடன் அது நின்றது. 2011-இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாம் நோய் இது. இங்கிருந்து சென்றதாகக் கருதப்படும் நோய்க்கு அங்கிருந்து மருந்து வந்தது.

கதை இன்னும் முடியவில்லை. 1994-இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் தாக்கிச் செரங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. பின்னர்ச் சுற்றுவட்டக் கிராமங்களில் நாய்களுக்கு ஊசி போடும் பணி நடந்தது. குன்றின்மேல் உறங்கிய அந்தச் சிங்கத்தின் நலம் ஒரு குடிசை வாசலில் படுத்திருக்கும் நாயின் நலத்தோடு பிணைந்திருக்கிறது.

முடிவுரை

பொங்கல் விடுமுறையில் இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கிடை மறித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். "மாட்டுக்குப் போட்ட ஊசியில மானு பொழச்சுச்சா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். "அப்ப மேய்க்கிற ஆளு அங்க இருந்திருக்கான். படத்துலதான் இல்ல" என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

நண்பர்களே! ஒரு பகலின் காட்சியில் சிங்கமும் சிவிங்கிப் புலியும் தெரியும். புல்லின் பங்கீடும் பொழுதின் பங்கீடும் படித்தால் தெரியும். யார் அங்கு இல்லை, ஏன் இல்லை என்பது கேட்டால்தான் தெரியும். விலங்கியல் பயிலும் நாம் அடுத்த களப்பயணத்திற்குச் செல்லும்போது குறிப்பேட்டில் விலங்கின் பெயரோடு, அவ்விடத்தில் ஆடு மாடு மேய்ப்பவர் சொல்வதையும் ஒரு பக்கத்தில் எழுதி வைப்போம். சரியோ தவறோ, ஆராய்வதற்கு அதில் செய்தி இருக்கும். என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அப்பா சொன்னதை எழுதிவிட்டேன்.